வாதம் எங்கே பழுது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

போர் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றதும் குழாயை உருவும் ஆட்களுக்கு யாரும் போன் போடுவதில்லை. ஆயிரம் அடிக் குழாயை ஏற்றி இறக்கும் கூலி என்னவென்று தருமபுரிக்காரருக்கும் கிருஷ்ணகிரிக்காரருக்கும் நன்றாகத் தெரியும். முதலில் பியூஸ். பிறகு மூன்று பேஸும் வருகிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா, கேபிள் எங்காவது நைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குழாயில் கை வைப்பது கடைசியில்தான்.

வாதம் நின்றுபோனால் மட்டும் இந்த நிதானம் காணாமல் போய்விடுகிறது. எடுத்த எடுப்பில் "உன் கொள்கையே தப்பு" என்று குழாயில் கை வைக்கிறோம். வாசகர் வட்டம், கல்லூரிப் பேச்சுப் போட்டி, பட்டிமன்ற ஒத்திகை, பேருந்து நிலைய டீக்கடை என எங்கே கேட்டாலும், மெய்யியல் வாதங்கள் பழுதாகும் விதங்கள் பத்துக்குள் அடங்கிவிடும். அவற்றில் பாதிக்கு மேல் பியூஸ் வேலைதான்.

கீழே அறிகுறிப்படி பிரித்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் செலவு குறைந்த காரணம் முதலில் வரும். இங்கே செலவு என்பது காசு அல்ல, நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டிய அளவு. ஒரு சொல்லை மாற்றுவது மலிவு, ஒரு கூற்றை விடுவது நடுத்தரம், நம்பிக்கையையே கைவிடுவது குழாய் உருவுவது.

## தொடங்கும் முன்: தாளில் பிரித்துப் போடுங்கள்

ஒரு தாள், ஒரு பேனா, பதினைந்து நிமிடம் போதும். தாளின் அடியில் முடிவை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதற்கு மேலே காரணங்களை எண் போட்டு, வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். ஒரு வரிக்குள் "ஏனென்றால்", "ஆகவே", "அதனால்தான்" வந்தால் அது உண்மையில் இரண்டு வரி, உடைத்துவிடுங்கள். கேள்விகளைக் கூற்றாக மாற்றுங்கள். "இதை யார்தான் மறுப்பார்கள்?" என்று மேடையில் கேட்டால் கைதட்டு கிடைக்கும். "இதை மறுப்பவர் ஒருவரும் இல்லை" என்று தாளில் இறங்கினால் அது பொய் என்று எழுதியவருக்கே தெரிந்துவிடும்.

பழமொழி, குறள், தலைவர் பெயர் எல்லாவற்றையும் ஒருமுறை அடித்துவிட்டுப் படியுங்கள். முடிவு அப்படியே நின்றால் அவை அலங்காரம், போகட்டும். விழுந்தால் அவைதான் காரணமாக வேலை செய்திருக்கின்றன, எண் போட்டு உள்ளே சேருங்கள். சாதாரணமாக மூன்றிலிருந்து ஏழு வரி தேறும். பத்தைத் தாண்டினால் இரண்டு வாதங்களை ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடி அலைய வேண்டாம். மணிமேகலையின் 29ஆம் காதையில் வரிசையாக இருக்கிறது: நிறுவ வேண்டியது பக்கம், காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம், அதை இந்த இடத்துக்குப் பொருத்துவது உபநயம், முடித்துச் சொல்வது நிகமனம். "இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களை போல, இங்கும் அப்படியே புகை, ஆகவே நெருப்பு." அதே காதை ஒவ்வொரு உறுப்பிலும் வரும் கோளாறுகளையும் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பிரிக்கிறது. பழுது பார்ப்பவருக்கு அந்தப் பிரிப்பே பாதி வேலை: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடிப்பது.

## அறிகுறி 1: ஒரே சொல்லைச் சுற்றி மணிக்கணக்காக ஓடுகிறது, நகரவில்லை

முதல் காரணம்: சொல் ஒன்று, பொருள் இரண்டு. ஓசூரில் தொழிற்பேட்டை வந்தது வளர்ச்சியா, இல்லையா என்று இரண்டு பேர் மோதுகிறார்கள். ஒருவருக்கு வளர்ச்சி என்றால் சம்பள வேலை. இன்னொருவருக்கு நிலமும் நீரும் கெடாமல் இருப்பது. இருவர் சொன்னதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

சோதனை எளிது. அந்தச் சொல்லுக்குப் பத்து நிமிடம் தடை போடுங்கள். "வளர்ச்சி" என்று சொல்லாமல் அதே சண்டையைத் தொடரச் சொல்லுங்கள். சண்டை கரைந்துவிட்டால் அது சொல் சண்டை. கரையாமல் நின்றால் உள்ளே விஷயம் இருக்கிறது. தடை போட்டதும் இருவரும் வாயைத் திறக்க முடியாமல் விழித்தால், அதுவும் ஒரு விடைதான்.

இதே சோதனைக்கு இன்னொரு உருப்படி: மோட்டாருக்கு ரீவைண்டிங் ஆயிற்று, அடுத்த வருடம் ஷாஃப்ட் மாறியது, பிறகு பம்ப் பகுதியும் மாறியது. இப்போது இருப்பது அதே மோட்டார்தானா? கிரேக்கர்கள் பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலை வைத்து இதைக் கேட்டார்கள். "அதே" என்ற சொல்லைத் தடை செய்தால், எந்த பாகம் எப்போது மாறியது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மிச்சம் இருப்பது எதற்காகக் கேட்கிறோம் என்பதுதான். வாரண்டிக்காக என்றால் தகட்டில் உள்ள எண் முடிவு செய்யும். பாகப்பிரிவினைப் பத்திரத்துக்காக என்றால் "அந்தக் கிணற்றடி மோட்டார்" என்பதே போதும். இரண்டும் இல்லாமல் "உண்மையில் அதேதானா" என்று கேட்பவரும் இருப்பார். அவரை விரட்டாதீர்கள், அவர் கேட்பது மெய்யியல். ஆனால் அவர் கேள்வி வேறு என்று தாளில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம்: எல்லை மங்கல். களத்தில் குவித்த கேழ்வரகிலிருந்து ஒரு மணியை எடுத்தால் குவியல் குவியலாகவே இருக்கும். இன்னொன்று எடுத்தாலும் அப்படியே. இப்படியே போனால் ஒற்றை மணியும் குவியல் என்று ஆகிவிடும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரத்து யூபுலிடீஸ் பெயரில் வழங்கும் புதிர் இது. வாதத்தில் "எந்த இடத்தில் கோடு போடுவாய், சொல்!" என்று யாராவது மேஜையைத் தட்டினால் இந்தப் பழுதுதான்.

கோட்டைத் தேடாதீர்கள். உங்கள் முடிவுக்குக் கோடு தேவையா என்று பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது: சந்தேகமில்லாத குவியல், சந்தேகமில்லாத வெறுந்தரை, நடுவில் தகராறுப் பகுதி என்று மூன்றாகப் பிரித்து, பேசுவது எந்தப் பகுதி என்று சொன்னால் போதும். கோடு வேண்டியே ஆக வேண்டிய இடத்தில் அது கண்டுபிடிக்கப்படுவதில்லை, தீர்மானிக்கப்படுகிறது. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. 1.49க்கும் 1.51க்கும் நடுவில் பல்லும் எலும்பும் திடீரென்று வேறு விதமாக நடந்துகொள்வதில்லை. அதற்காக அந்தக் கோடு பொய்யும் இல்லை. கோடு மங்கல் என்பதால் வேறுபாடே இல்லை என்று முடிப்பதுதான் இங்கே வழக்கமான தவறு.

மூன்றாவது காரணம்: நிஜமான வேறுபாடு. சொல்லைத் தடை செய்தும், எல்லையைப் பிரித்தும் சண்டை நிற்கிறதா? இனி இது அறிகுறி 1 அல்ல. 7க்குப் போங்கள்.

## அறிகுறி 2: வரிகள் எல்லாம் சரி, முடிவைத்தான் விழுங்க முடியவில்லை

சுவையான பழுது இது. அவசரப்பட்டு முடிவை ஏற்கவும் வேண்டாம், துப்பவும் வேண்டாம். நான்கு இடங்களைப் பாருங்கள், இந்த வரிசையிலேயே.

சொல்லாமல் விட்ட வரி. முடிவில் வரும் ஒவ்வொரு முக்கியச் சொல்லையும் வட்டமிடுங்கள். அது மேலே எந்த வரியிலாவது இருக்கிறதா? "எல்லாச் செயலுக்கும் காரணம் உண்டு, ஆகவே யாரையும் குற்றம் சொல்ல முடியாது." 'குற்றம்' மேலே எங்கும் இல்லை. நடுவில் "காரணம் உள்ள செயலுக்குக் குற்றம் சொல்ல முடியாது" என்ற வரி ஒளிந்திருக்கிறது. எழுதி வெளியே வைத்ததும், விவாதிக்க வேண்டியதே அந்த வரிதான் என்று தெரியும்.

படி இடறுதல். இதற்கு அச்சுச் சோதனை. வாதத்தின் வடிவத்தை அப்படியே வைத்து, உள்ளே உள்ள பொருளை மட்டும் தெரிந்த பொருளாக மாற்றுங்கள்.

ஆன்மா இருந்தால் நினைவு தொடரும். நினைவு தொடர்கிறது. ஆகவே ஆன்மா இருக்கிறது.

கர்நாடகத்தில் அணையைத் திறந்தால் ஒகேனக்கல்லில் தண்ணீர் கூடும். ஒகேனக்கல்லில் தண்ணீர் கூடியிருக்கிறது. ஆகவே அணையைத் திறந்திருக்கிறார்கள்.

இரண்டாவதைக் கேட்டதும் பென்னாகரத்துக்காரர் சிரிப்பார். அணைகளுக்குக் கீழே, பிலிகுண்டுலுவுக்கு மேலே, நடுக்காட்டில் பெய்த மழையிலும் தண்ணீர் கூடும். வடிவம் ஒன்றுதான். ஆகவே முதல் வாதமும் அந்தப் படியில் நிற்கவில்லை. கவனியுங்கள்: ஆன்மா இல்லை என்று இதனால் நிரூபணமாகவில்லை. இந்த வழியாக அதை அடைய முடியவில்லை, அவ்வளவே. படி உடைந்ததைக் காட்டிவிட்டு முடிவே பொய் என்று கைதட்டி எழுந்துவிடுவது, பழுது பார்க்க வந்தவரே செய்யும் பழுது.

தண்ணீர் கூடவில்லை, ஆகவே அணையைத் திறக்கவில்லை என்ற படி சரி. முதல் வரி உண்மை என்ற வரையில் அது பிசகாது. இரண்டையும் பக்கத்தில் எழுதி ஒட்டி வைத்துக்கொண்டால் பாதி நாள் மிச்சம்.

பலவீனமான வரி. ஒவ்வொரு வரிக்கும் நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்று ஓரத்தில் எண் போடுங்கள். தனித்தனியாகத் தொண்ணூறு போட்ட ஐந்து வரிகள், ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால், சேர்ந்து நிற்கும் வாய்ப்பு அறுபதுக்கும் கீழே. "எல்லாமே ஏறக்குறைய சரி" என்ற உணர்வு இங்கேதான் ஏமாற்றுகிறது.

தலைகீழ் ஓட்டம். "இது கனவு இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது, நிரூபிக்க முடியாவிட்டால் எனக்குக் கை இருப்பதும் எனக்குத் தெரியாது, ஆகவே தெரியாது." ஆங்கில மெய்யியலாளர் ஜி.இ. மூர் 1939இல் ஒரு சொற்பொழிவில் கையைத் தூக்கிக் காட்டி, இதோ ஒரு கை என்றார். வேடிக்கையாகத் தெரியும், ஆனால் படி சரியானது. ஒரு வாதம் முறையானது என்றால், அதன் முடிவு பொய் என்பதிலிருந்து மேல்வரிகளில் ஒன்றாவது பொய் என்று திரும்பி வரலாம். எந்தத் திசையில் ஓட்டுவது? ஓரத்தில் போட்ட எண்கள் சொல்லும். முடிவை மறுப்பதில் உள்ள உறுதி, மிகப் பலவீனமான வரியில் உள்ள உறுதியைவிட அதிகமாக இருந்தால் தலைகீழாக ஓட்டுவது நியாயம். வெறும் சங்கடத்துக்காக ஓட்டுவது நியாயம் இல்லை. எந்த வரி பொய் என்று கடைசியில் சுட்டிக் காட்டும் கடன் உங்களிடம் இருக்கிறது.

நான்கும் பார்த்தாயிற்று, எங்கும் ஓட்டை இல்லை என்றால் முடிவு உண்மையாக இருக்கலாம். குழாயை உருவும் நேரம் அதுதான்.

## அறிகுறி 3: எடுத்துக்காட்டு பொருந்துகிறது, பொதுவிதி நிற்கவில்லை

வத்தல்மலையில் காலையில் வெள்ளையாக ஏதோ எழும்புகிறது. "புகை, ஆகவே நெருப்பு" என்கிறார் ஒருவர். முதலில் அது புகைதானா, மூடுபனியா? காரணமே இன்னும் உறுதியாகாத நிலையில் அதன் மேல் முடிவைக் கட்டுவது ஏதுப்போலிகளில் முதல் வகை. போய்ப் பார்ப்பதுதான் மருந்து, யோசிப்பது அல்ல.

புகை என்றே உறுதியாயிற்று என்று வையுங்கள். இப்போது விதியைத் திருப்பிப் பாருங்கள். "புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு" நிற்கிறது. "நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை" நிற்காது, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை ஏது? இந்தியத் தர்க்கப் பள்ளியான நியாய மரபினர் இங்கே ஒரு கூர்மையான கருவி வைத்திருக்கிறார்கள், உபாதி. நெருப்போடு புகை வருவது நெருப்பால் மட்டுமல்ல, ஈர விறகு என்ற கூடுதல் நிபந்தனையால். ஈர விறகு சொல்லப்படாமல் பின்னால் நிற்கிறது. உங்கள் பொதுவிதியிலும் அப்படி ஒன்று நிற்கிறதா?

"படித்தவர்கள் கேள்வி கேட்பார்கள்" என்ற விதியை எடுங்கள். கேள்வி கேட்ட படித்தவர் பத்துப் பேரை அடுக்குவது சோதனை ஆகாது. கேள்வி கேட்காத படித்தவர் ஒருவர், கேள்வி கேட்ட படிக்காதவர் ஒருவர், இவர்களைத் தேடுங்கள். கிடைத்தால், கேள்வி கேட்டவர்கள் எல்லோரிடமும் இருந்து மற்றவர்களிடம் இல்லாதது எது என்று பாருங்கள். திட்டு வாங்காமல் கேள்வி கேட்க முடிந்த வீடோ வகுப்போ என்று வரலாம். அதுதான் ஈர விறகு.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு: காரணம் தேவைக்கு மேல் அகலமாக இருப்பது. "இந்த மலையில் நெருப்பு உண்டு, ஏனென்றால் மலை அறியப்படும் பொருள்." கிருஷ்ணகிரி அணையின் தண்ணீரும் அறியப்படும் பொருள்தான், அதில் நெருப்பு உண்டா? சிரிப்பாக இருக்கிறது, ஆனால் "எல்லாம் மாறும், ஆகவே ஒழுக்கமும் வெறும் பழக்கம்" என்பது இதே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. மாறுவதெல்லாம் பழக்கம் என்றால் ஆறும் பழக்கம்தான்.

## அறிகுறி 4: முடிவு சான்றைத் தாண்டி ஓடுகிறது

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கி.மு. 2172 என்ற காலக்கணிப்பு வந்ததாக 2022இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதை வைத்து நடக்கும் பேச்சுகளைத் தாளில் இறக்கினால் ஒரு ஏணி தெரியும்:

1. அளந்த மாதிரியின் கரிமம் இந்த வயதுடையது.
2. அந்த மாதிரியும் இரும்புப் பொருளும் ஒரே காலத்து மண்ணடுக்கைச் சேர்ந்தவை.
3. ஆகவே இங்கே அப்போதே இரும்பு புழங்கியது.
4. இங்குள்ளவர்களே அதை உருக்கினார்கள்.
5. உலகிலேயே முதலில் உருக்கியவர்கள் இவர்கள்.

முதல் வரிக்கு ஆய்வகம் பொறுப்பு. இரண்டாவதற்கு அகழ்ந்தவர்களின் பதிவு பொறுப்பு. மூன்றாவது அவை இரண்டின் மேல் நிற்கிறது. நான்காவதற்கு உலை, கசடு போன்ற தனிச் சான்று வேண்டும். ஐந்தாவதற்கு உலகத்தின் மற்ற இடங்களையும் பார்த்தாக வேண்டும். பெருமிதத்தில் ஒன்றிலிருந்து ஐந்துக்குத் தாவுபவரும், எரிச்சலில் ஐந்தை மறுப்பதாக நினைத்து ஒன்றையே மறுப்பவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். எந்தப் படி வரை உங்கள் கையில் சான்று இருக்கிறதோ அந்தப் படியில் நின்று பேசுங்கள். அடுத்த படிக்கு "இருக்கலாம்" என்ற சொல் இருக்கிறது. அது கோழைத்தனம் இல்லை.

## அறிகுறி 5: எந்த எதிர்ச்சான்று காட்டினாலும் ஒட்டமாட்டேன் என்கிறது

"நல்ல விதை முளைக்காமல் போகாது." முளைக்கவில்லையே? "அப்படியென்றால் அது நல்ல விதையே இல்லை." 1975இல் ஆங்கில மெய்யியலாளர் ஆன்டனி ஃப்ளூ, "உண்மையான ஸ்காட்லாந்துக்காரர் அப்படிச் செய்யமாட்டார்" என்பவரை வைத்து இதைக் கேலி செய்தார். நம் ஊரில் விதை, பக்தி, காதல், தமிழுணர்வு எல்லாவற்றுக்கும் "உண்மையான" என்ற முன்னொட்டைச் சேர்த்து இதை ஓட்டுகிறோம்.

சோதனை: முளைப்பதற்கு முன்பே நல்ல விதை எது என்று எழுதி வாங்குங்கள். எடை, ஈரம், நிறம் என்று முளைப்பைச் சாராத அடையாளம் தர முடிந்தால் கூற்றுக்கு உயிர் இருக்கிறது. முடியாவிட்டால் அது கூற்று அல்ல, "நல்ல விதை" என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள். அகராதியோடு சண்டை போட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 6: சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது

தாளில் ஒவ்வொரு காரணத்திலிருந்தும் அது தாங்கும் வரிக்கு அம்புக்குறி போடுங்கள். வட்டம் கண்ணுக்குத் தெரியும். வட்டம் சிறிதாக இருந்தால் உடனே பிடிபடும். ஏழெட்டு வரி சுற்றி வந்தால்தான் ஏமாறுவோம்.

"அதற்கு என்ன காரணம்?" என்று விடாமல் கேட்டால் மூன்று வழிதான்: முடிவில்லாமல் போகலாம், வட்டமடிக்கலாம், ஓரிடத்தில் நிற்கலாம். கிரேக்க ஐயவாதிகள் காலத்திலிருந்து நான்காவது வழியை யாரும் எல்லோரும் ஏற்கும்படி காட்டியதில்லை. ஆகவே எங்கேயாவது நிற்பதே குற்றம் என்று எதிராளி சொன்னால், அது அவர் வாதத்தையும் சேர்த்துக் கவிழ்க்கும். நடைமுறை விதி: இருவரும் ஏற்கும் வரி வந்ததும் நில்லுங்கள். அப்படி ஒரு வரியே வரவில்லை என்றால் வாதத்தை நிறுத்திவிட்டு, இருவரும் ஏற்பவை எவை என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள்.

## அறிகுறி 7: "இருக்கிறது" என்று ஆரம்பித்தது, "வேண்டும்" என்று முடிகிறது

டேவிட் ஹியூம் 1740இல் சுட்டிக் காட்டிய இடம். வரிகளில் வேண்டும், கூடாது, தகும், தகாது, நல்லது, கெட்டது என்ற சொற்களைச் சிவப்பு மையில் அடிக்கோடிடுங்கள். முடிவில் சிவப்பு இருந்து மேலே எங்கும் இல்லையென்றால் ஒரு வரி ஒளிந்திருக்கிறது.

"இந்தக் கிணற்றில் புளோரைடு 1.5க்கு மேல். ஆகவே இதை மூட வேண்டும்." ஒளிந்திருப்பவை குறைந்தது இரண்டு: கெடுதல் தரும் நீரை மக்களுக்குத் தரக் கூடாது; மூடினால் வேறு நீர் கிடைக்கும். முதலாவது மதிப்பு, இரண்டாவது செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எட்டிய ஊரில் இரண்டாவது வரி உண்மையாகவும், குழாய் வறண்ட ஊரில் பொய்யாகவும் இருக்கலாம். மதிப்பில் முழு ஒற்றுமை உள்ள இரண்டு பேர் இந்தச் செய்தி வரியில் பிரிந்து நின்றுகொண்டு, ஒருவரையொருவர் இரக்கம் இல்லாதவர் என்று திட்டிக்கொள்வது சாதாரணக் காட்சி. எனவே மதிப்பில் கை வைக்கும் முன் செய்தியைச் சரி பாருங்கள், அது மலிவு.

"முன்னோர் இப்படித்தான் செய்தார்கள்", "இயற்கையில் இப்படித்தான் இருக்கிறது" இரண்டும் இதே பழுது. திருப்பிப் போட்டால் தெரியும்: முன்னோர் செய்தவற்றுள் நாம் விட்டுவிட்டதில் மகிழ்ச்சி அடைபவை எத்தனை?

## அறிகுறி 8: கற்பனைச் சூழல் சொன்னதும் ஆளுக்கொரு பக்கம் சிதறுகிறார்கள்

கற்பனைச் சூழல் என்பது மெய்யியலின் ஆய்வகக் குழாய். அதைக் கதையாக எடுத்துக்கொண்டால் உடையும். பிலிப்பா ஃபூட் 1967இல் கொடுத்த சூழல்: பிரேக் இல்லாத டிராம், ஒரு தடத்தில் ஐந்து பேர், இன்னொன்றில் ஒருவர், ஓட்டுநர் திருப்பலாம். பெரும்பாலும் "திருப்பலாம்" என்பார்கள். ஜூடித் ஜார்விஸ் தாம்சன் பிறகு மாற்றினார்: பாலத்தில் நிற்கும் பருத்த மனிதரைத் தள்ளினால்தான் டிராம் நிற்கும். இப்போது "கூடாது" என்பார்கள். எண்ணிக்கை மாறவில்லை, தீர்ப்பு மாறுகிறது. எது மாற்றியது என்பதுதான் கேள்வி.

வழக்கமாகக் கெடும் இடங்கள்:

"கூச்சல் போட்டு எச்சரிக்கலாமே" என்று யாராவது மூன்றாவது கதவைத் திறப்பார். சாமர்த்தியம்தான், ஆனால் சோதனைக் குழாயில் ஓட்டை போட்டாயிற்று. அந்தக் கதவை மூடிச் சூழலைத் திரும்பச் சொல்லுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு அம்சங்களை மாற்றிவிடுவார்கள். டிராமை மாட்டு வண்டியாக்கி, ஐந்து பேரை உறவினர்களாகவும் ஆக்கினால், தீர்ப்பு மாறியதற்கு எது காரணம் என்று தெரியாது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்.

பேசிவிட்டுக் கை தூக்கச் சொல்வார்கள். முதலில் எல்லோரும் தனித்தனியாகச் சீட்டில் எழுதட்டும், பிறகு பேசட்டும். மூத்தவர் வாயைத் திறந்த பிறகு வாங்கும் தீர்ப்பு அவருடைய தீர்ப்பின் நகல்.

சூழல் ஒரு வரையறையைச் சோதிக்கத்தான் என்றால் கணக்கு இன்னும் நேர். "அறிவு என்பது தக்க காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கை." எட்மண்ட் கெட்டியர் 1963இல் மூன்றே பக்கத்தில் இதற்கு எதிர்ச்சூழல் கொடுத்தார். ஆனால் அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டு முன்பே பௌத்த அறிஞர் தர்மோத்தரர் ஒன்று சொல்லிவிட்டார்: இறைச்சி சுட நெருப்பு மூட்டியாயிற்று, புகை இன்னும் எழவில்லை, இறைச்சிக்குப் பூச்சிகள் கூட்டமாக மொய்க்கின்றன. தூரத்தில் நிற்பவர் அதைப் புகை என்று நினைத்து "அங்கே நெருப்பு" என்கிறார். நெருப்பு உண்மை, நம்பிக்கை உண்டு, காரணமும் உண்டு. அவருக்குத் தெரியும் என்று சொல்வீர்களா?

"சொல்லமாட்டேன்" என்றால் வரையறையில் ஒரு நிபந்தனை குறைகிறது. சேர்த்துவிட்டு மறுபடி எதிர்ச்சூழல் தேடுங்கள். மூன்று சுற்றில் நிற்காவிட்டால் ஒட்டுப் போடுவதை நிறுத்துங்கள், வரையறைதான் நமக்குத் தேவையா என்று கேட்க வேண்டிய இடம் அது. "சொல்வேன்" என்பவரையும் முட்டாளாக்க வேண்டாம். கொள்கைக்காகத் தீர்ப்பை விடுவதும், தீர்ப்புக்காகக் கொள்கையைத் திருத்துவதும் இரண்டுமே நியாயமான வேலைகள். எதை எதற்காக விட்டோம் என்று தாளில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

## அறிகுறி 9: வென்றாயிற்று, ஆனால் எதிரே இருப்பவர் நகரவில்லை

மலிவான காரணம்: நீங்கள் வென்றது அவர் சொல்லாததை. இலக்கண நூலான நன்னூல் பட்டியலிடும் ஏழு மதங்களில், அதாவது நூலாசிரியர் கொள்ளும் நிலைகளில், ஒன்று "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு". முதலில் ஏற்று, பிறகு களை. ஏற்காமலே களைந்தால் வைக்கோல் பொம்மையைத்தான் களைந்திருப்பீர்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், பிறர் கொள்கையை எடுத்துச் சொல்லி மறுக்கும் பரபக்கத்தை முடித்த பிறகே தன் கொள்கையை நிறுவும் சுபக்கத்துக்கு வருகிறது என்பதும் இதே ஒழுங்கு.

சோதனை: அவர் கருத்தை நீங்கள் சொல்லுங்கள். "ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்" என்று அவர் வாயால் வரும் வரை மறுக்கத் தொடங்காதீர்கள். மூன்று முறைக்குள் வந்துவிடும். அவர் ஒவ்வொரு முறையும் வேறொன்று சொன்னால் அவருக்கே தன் கருத்து இன்னும் உருவாகவில்லை, அப்போது செய்ய வேண்டியது மறுப்பு அல்ல, உதவி.

அடுத்த காரணம்: அவர் எந்த நிலைப்பாடும் எடுக்காமல் உங்களுடையதை மட்டும் உடைக்கிறார். நியாய நூலார் இதை வாதத்திலிருந்து பிரித்து விதண்டை என்றார்கள். "உங்கள் பக்கம் எது, ஒரு வரி எழுதுங்கள்" என்று தாளை நீட்டுங்கள். எழுதமாட்டேன் என்றால் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம்.

விலை உயர்ந்த காரணம்: வாதம் சரி, அவருக்கும் தெரியும், ஆனால் ஏற்றால் இழப்பது அதிகம். வீட்டில் சாவு விழுந்த வாரத்தில் மறுபிறவி பற்றிப் பேசுபவரிடம் ஏதுப்போலி தேடக் கூடாது. அங்கே பழுது எதுவும் இல்லை.

## எப்போது வெளியாளைக் கூப்பிடுவது

தகராறு செய்தியில் என்று தெரிந்த நிமிடமே யோசிப்பதை நிறுத்துங்கள். தண்ணீர் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம், பத்திரம் என்றால் வக்கீல், உடம்பு என்றால் மருத்துவர். உட்கார்ந்து வாதிட்டுப் புளோரைடு அளவைக் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை.

வரிகளில் "எல்லா", "சில", "இருந்தே ஆக வேண்டும்", "இருந்திருக்கக்கூடும்" நான்கும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக்கொண்டால், அல்லது ஓரத்து எண்கள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால், தர்க்கமோ நிகழ்தகவோ கற்பிக்கும் ஒருவர் தேவை. அச்சுச் சோதனை அதற்கு மேல் ஏமாற்றும்.

சத்காரியம், பாசம், அபோகம் போன்ற மரபுச் சொல்லில் சண்டை நின்றால் அகராதியைப் பார்த்துத் தீர்க்காதீர்கள். ஒவ்வொரு மரபிலும் அவற்றுக்கு நூற்றாண்டுகளாகத் தீட்டிய பொருள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலுக்கும் சைவ சித்தாந்தத்துக்கும் தனித்தனித் துறைகள் இருக்கின்றன. பக்கத்து ஊரில் பாடம் சொல்லும் புலவர் கிடைத்தால் அதுவும் நல்லது.

"இந்த வாக்கியம் பொய்" போன்றவை வந்தால் கூப்பிட்டும் பயனில்லை. அவற்றுக்கு எல்லோரும் ஏற்ற தீர்வு வல்லுநர்களிடமும் இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

யாரிடம் போனாலும் தாளைக் கையில் கொண்டுபோங்கள். "நான்காவது வரியிலிருந்து ஐந்தாவது வருமா?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். "விதியைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டால் மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்துகொண்டு போக வேண்டும்.